எண்ணெய்க் கம்பெனிகளும் தூதுவர்களும்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு, தமிழும் கன்னடமும் ஒத்த குரலில் பேசும் சொற்களைக் கேட்கும்போது தனியானதொரு மகிழ்ச்சி உண்டு. மண்ணெண்ணெயை நம் ஊர்ப்புறங்களில் சீமையெண்ணெய் என்பர். கன்னடத்தாரும் ஸீமெ எண்ணெ என்றே வழங்குவர். கடல் கடந்த சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்பதே இரண்டிற்கும் பொருள். ஏழையின் குடிசையில் விளக்கெரித்த எண்ணெய் அன்னியர் கையில் இருந்த வரலாறு, அதன் பெயரிலேயே பதிந்து கிடக்கிறது.

இந்நகரத்து வீதிகளில் பெட்ரோல் நிலையங்களின் பெயர்ப் பலகைகளும் அத்தகைய வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. இன்று பாரத் பெட்ரோலியம் என்று காண்பது ஒரு காலத்தில் பர்மா-ஷெல். ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்பது எஸ்ஸோவும் கால்டெக்ஸும். ஒரு பலகையை இறக்கி மற்றொன்றை ஏற்றுவது அரைநாள் வேலை. ஆனால் அந்த மாற்றத்திற்குப் பின்னால் கால் நூற்றாண்டுப் பேரம் இருந்தது. பேர மேசையின் ஒரு புறம் கம்பெனியார். மறு புறம் அந்நாட்டு அரசாங்கத்தார். கம்பெனியாரின் பின்னால், வெளிச்சம் படாத நாற்காலியில், மூன்றாமவர் ஒருவரும் அமர்ந்திருந்தது வழக்கம். அவர்தாம் கம்பெனியின் தாய்நாட்டுத் தூதுவர். அவர் கம்பெனிக்குச் சொன்ன ஆலோசனை யாது, அதைக் கேட்டதனாலும் கேளாததனாலும் விளைந்தவை யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தூது என்பது நமக்குப் புதியதன்று. வள்ளுவர் பொருட்பாலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவ்வையை நாம் அறிவோம். அத்தூதுகளெல்லாம் மன்னனுக்காக மன்னனிடம் சென்றவை. வணிகனுக்காக மன்னனிடம் செல்லும் தூது பிற்காலத்தது. அதன் பெயர் பெற்ற முன்னோடி ஒருவரை நம் நாடே கண்டது. 1615-ஆம் ஆண்டில் சூரத்தில் வந்திறங்கிய ஸர் தாமஸ் ரோ, இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருடைய தூதராக ஜஹாங்கீரின் அவையை அடைந்தார். தூதர் மன்னருடையவர், அவருக்கான செலவோ கிழக்கிந்தியக் கம்பெனியினுடையது. அந்த ரோ கம்பெனிக்கு எழுதிய கடிதங்களில், கோட்டைகளிலும் நிலப் போர்களிலும் பணத்தை வீணாக்க வேண்டாம், கடல்வழி அமைதியான வாணிகமே ஆதாயம் தரும் என்று அறிவுரை கூறினார். போர்த்துக்கேசியரும் டச்சுக்காரரும் பட்ட பாட்டையும் எடுத்துக் காட்டினார். கம்பெனி சில காலம் அதைக் கேட்டது, பிறகு மறந்தது. மறந்ததனால் இரு நாட்டிற்கும் நேர்ந்தது யாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தூதுவர் தம் நாட்டு வணிகருக்கு உதவுவது தவறா என்று கேட்கலாம். தவறன்று. 1961-ஆம் ஆண்டில் வியன்னாவில் நிறைவேறிய தூதுறவு ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு, தம் நாட்டினுடைய நலனையும் தம் குடிமக்களுடைய நலனையும் காப்பது தூதுவரின் கடமைகளுள் ஒன்று என்கிறது. அதே ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவோ, சென்றிருக்கும் நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும், அந்நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடலாகாது என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் தூதுவர் நடக்க வேண்டும். எண்ணெய் சிந்திய பாதை வழுக்கும் என்பதற்கு ஈரான் முதற் சான்று.

ஈரானில் 1901-ல் ஆங்கிலேயர் ஒருவர் பெற்ற குத்தகையிலிருந்து வளர்ந்தது ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய்க் கம்பெனி. 1914-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக் கொண்டது. ஆகவே அங்கே வணிகனும் மன்னனும் ஒருவரே. அபாதானில் அக்கம்பெனி நடத்திய சுத்திகரிப்பு ஆலை உலகிலேயே பெரியதாக விளங்கியது. ஆயினும் 1950-ல் அக்கம்பெனி பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கு வரியாகக் கட்டிய தொகை, எண்ணெய்க்கு உரிய ஈரானுக்குக் கொடுத்ததைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. கிணறு ஒருவனுடையது, நீர் மற்றொருவனுடையது என்னும் கதையே இது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவின் துணை அமைச்சர்களுள் ஒருவரான ஜார்ஜ் மக்கீ, லண்டனுக்கு வந்து கம்பெனியின் இயக்குநர்களைக் கண்டார். அவர் தாமே எண்ணெய்த் துறையில் பொருளீட்டியவர்; கம்பெனிகளின் கணக்கு அவருக்கு அத்துபடி. தென் அமெரிக்காவில் வெனிசுவேலா ஏற்கெனவே இலாபத்தில் சரிபாதி பெற்று வந்தது. சவூதி அரேபியாவும் அதனைக் கேட்டு நின்றது. காலம் மாறிவிட்டது, ஈரானுக்குத் தாராளமான நிபந்தனைகளை விரைந்து அளிப்பதே நன்று என்பது மக்கீயின் அறிவுரை. ஸர் வில்லியம் பிரேஸரின் தலைமையில் இருந்த கம்பெனி அதற்குச் செவி சாய்க்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அமெரிக்கக் கம்பெனியாகிய அராம்கோ, சவூதி அரேபியாவுடன் சரிபாதி ஒப்பந்தம் செய்துகொண்டது. செய்தி ஈரானுக்கு எட்டிய பிறகே ஆங்கிலக் கம்பெனி விழித்துக் கொண்டது. 1951 பிப்ரவரியில் அது சரிபாதிக்கு இசைந்தபோது நாட்டின் மனம் மிகத் தொலைவு சென்றுவிட்டது. மார்ச் 7-ல் பிரதம மந்திரி ரஸ்மாரா சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் ஈரானியப் பாராளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. ஏப்ரல் இறுதியில் டாக்டர் மொஸாதெக் பிரதமரானார். அக்டோபருக்குள் ஆங்கிலேயர் அபாதானை விட்டு வெளியேறினர்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கத் தூதர் ஹென்றி கிரேடி. அடுத்தவர் லாய் ஹெண்டர்சன். எண்ணெய் நெருக்கடி மூண்டபோது டெஹ்ரானில் தூதராக இருந்தவர் அதே கிரேடி. 1951 செப்டம்பரில் அவரை அடுத்து அங்குச் சென்றவர் தில்லியிலிருந்து மாற்றப்பட்ட அதே ஹெண்டர்சன். கிரேடி பதவியினின்றும் நீங்கியபின், ஈரானில் நேர்ந்த பிழைகளைக் குறித்து 1952-ல் வெளிப்படையாகவே எழுதினார். ஹெண்டர்சனின் காலத்தில் பேச்சு முறிந்து, 1953 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத் துறைகளின் ஏற்பாட்டில் மொஸாதெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்து, 2013-ல், அமெரிக்க உளவுத் துறையே தன் பங்கை ஆவணங்களின் மூலம் ஒப்புக்கொண்டது.

கம்பெனி இதனால் அடைந்தது என்ன? 1954-ல் ஏற்பட்ட புதிய கூட்டமைப்பில் அதற்குக் கிடைத்தது 40 சதவிகிதப் பங்கு. முன்னர் முழுவதும் அதனுடையது. ஈரானுக்கோ, மக்கீ சுட்டிக் காட்டிய அதே சரிபாதி முறைதான். 1950-ல் நல்லெண்ணத்தோடு கொடுத்திருக்கக் கூடியதை, நான்காண்டு பகையும் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பும் கடந்து கொடுத்தனர். அந்தப் பகையின் நினைவு ஈரானியர் உள்ளத்தில் கனன்று, 1979-ஆம் ஆண்டுப் புரட்சியிலும் எரிந்தது.

அபாதான் அடைபட்டதன் அதிர்ச்சி பம்பாய்த் துறைமுகத்திலும் உணரப்பட்டது. அப்போது இந்தியாவில் இருந்த சுத்திகரிப்பு ஆலை, 1901-ல் அஸ்ஸாமில் தோன்றிய திக்பாய் ஒன்றே. நாட்டின் தேவையில் பெரும் பகுதி கப்பலில் வந்தது. இங்கே ஆலை நிறுவத் தயங்கி வந்த கம்பெனிகள், இப்போது முன்வந்தன. 1951 நவம்பரில் ஸ்டான்டர்டு-வேக்குவமும், டிசம்பரில் பர்மா-ஷெல்லும், 1953-ல் கால்டெக்ஸும் இந்திய அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தன. டிராம்பேயில் இரண்டும் விசாகப்பட்டினத்தில் ஒன்றுமாக, 1954 முதல் 1957 வரை மூன்று ஆலைகள் எழுந்தன.

அன்று நம் அரசாங்கத்திடம் எண்ணெயும் இல்லை, அத்தொழிலை அறிந்தவர்களும் இல்லை. எனவே நிபந்தனைகள் கம்பெனிகளுக்குச் சாதகமாயின. 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமையாக்குவதில்லை. கச்சா எண்ணெயை எங்கிருந்து கொண்டுவருவது என்பது கம்பெனியின் விருப்பம். சுங்க வரியினால் பாதுகாப்பும் உண்டு. ஈரானில் பெற்ற அடியைக் கம்பெனிகள் எவ்வளவு கவனமாக மனத்தில் வைத்திருந்தன என்பது, முதல் நிபந்தனையைப் படிப்பவர்க்குத் தெளிவாகும்.

இரண்டாம் நிபந்தனையின் வலிமை 1960-ல் தெரிந்தது. சோவியத் நாடு மலிவான விலைக்கு, ரூபாயிலேயே பணம் பெற்றுக்கொண்டு, கச்சா எண்ணெய் தருவதாகக் கூறிற்று. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் தவித்த நாட்டிற்கு இது பெரும் பேறு. கம்பெனிகளோ அந்த எண்ணெயைத் தம் ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்தன. ஒப்பந்தம் அவர்கள் பக்கம் இருந்தது. எண்ணெய் இலாகா மந்திரியான கேசவ தேவ மாளவியா ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. வேறு வழி தேடினார். எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு 1956-லேயே தோன்றியிருந்தது. அது 1958-ல் காம்பேயிலும் 1960-ல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கண்டது. 1959-ல் பிறந்த இந்தியன் ஆயில் கம்பெனிக்காக, 1960 ஆகஸ்டில் சோவியத் கப்பலொன்று டீசலை ஏற்றிக்கொண்டு பம்பாயை அடைந்தது. தாம்லே என்பவரின் தலைமையில் அமைந்த குழு விலைக் கணக்குகளைத் துருவி ஆராய்ந்து, 1961-ல் அறிக்கை தந்தது. கம்பெனிகள் தாமாகவே கச்சா எண்ணெய் விலையைக் குறைத்தன.

பேரத்தில் வெல்வதற்கு உரத்த குரல் வேண்டியதில்லை. வேறிடத்தில் வாங்க வழியும், பொருளின் அடக்கவிலை பற்றிய அறிவும் இருந்தால் போதும் என்பதை நம் நாடு இவ்வாறு கற்றது. எஸ்ஸோ 1974-லும், பர்மா-ஷெல்லும் கால்டெக்ஸும் 1976-லும் நம் அரசாங்கத்தின் வசமாயின. பேசி, விலை கொடுத்து, பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் பெற்றமையால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இடையிலே தமிழர்கள் பெருமையோடு நினைக்கத் தக்க ஓர் ஏற்பாடும் நடந்தது. சென்னையை அடுத்த மணலியில் ஆலை நிறுவ 1965-ல் ஒப்பந்தம் ஆயிற்று. இந்திய அரசாங்கத்திற்கு 74 சதவிகிதம். அமெரிக்கக் கம்பெனியாகிய அமோகோவுக்கு 13. ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுள்ள அவ்வாலை 1969-ல் இயங்கத் தொடங்கிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஈரானில் ஒருவரையொருவர் பகைத்த தரப்பினர், இங்கே ஒரே பந்தியில் அமர்ந்தனர். வீட்டுக்காரனுக்கு வீட்டுரிமையும் விருந்தினனுக்கு நியாயமான பங்கும் வகுக்கப்பட்டதே அதற்குக் காரணம்.

இதே ஆண்டுகளில் அண்டை நாடாகிய இலங்கையில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கும் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய மூன்றுமே எண்ணெய் விற்றன. அங்கும் அந்நியச் செலாவணிப் பஞ்சம். அங்கும் மலிவான சோவியத் எண்ணெய். உலகின் முதற்பெண் பிரதமரான ஸ்ரீமாவோ பண்டாரநாயகா அம்மையாரின் அரசாங்கம், 1961-ல் சட்டமியற்றி இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 1962-ல் கம்பெனிகளின் நிலையங்களிலும் கிடங்குகளிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு தருவதாகவும் கூறிற்று. எவ்வளவு, எப்போது என்பதே வழக்கு.

அப்போது கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் பிரான்ஸிஸ் வில்லிஸ் அம்மையார். தூதுறவுப் பணியில் படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அவர் நிதானமாகப் பேசித் தீர்க்க முயன்றிருந்தாலும், வாஷிங்டனில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் குறுக்கே நின்றது. பிரேஸிலில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியொன்றின் சொத்து பறிக்கப்பட்டதில் சினமுற்ற செனட்டர் ஹிக்கன்லூப்பர் கொண்டுவந்த அத்திருத்தம், 1962 ஆகஸ்டில் சட்டமாயிற்று. அமெரிக்கர் சொத்தை எடுத்துக்கொள்ளும் நாடு, நஷ்டஈட்டுக்கு ஆறு மாதத்திற்குள் தக்க நடவடிக்கை எடுக்காவிடில், அந்நாட்டிற்கு அளிக்கும் உதவியை நிறுத்தியே தீரவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும் அலுவலில் நாட்களைக் கழிக்கும் நாம், இத்தகைய சட்டத்தைப் படிக்கும்போது ஒரு சொல்லில் தயங்கி நிற்போம். சொத்தின் முழு மதிப்புக்கு ஈடான தொகையை, எந்நாட்டிலும் செல்லும் நாணயத்தில் விரைந்து தரவேண்டும் என்று அது விதிக்கிறது. முழு மதிப்பு என்பது எது? விற்பவன் மனத்திலுள்ள மதிப்பா, வாங்குபவன் கணக்கிலுள்ள மதிப்பா? அகராதி அதற்கு விடை சொல்லாது. இருவரும் அமர்ந்து பேசியே விடை காண வேண்டும். பேசுவதற்கு வேண்டுவது காலம். காலக்கெடு வைத்த சட்டமோ அந்தக் காலத்தையே பறித்துக்கொண்டது. ஆலோசகராக இருக்க வேண்டிய தூதுவர், கெடு நாளை அறிவிக்கும் அமீனாவின் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

1963 பிப்ரவரி 8-ல் இலங்கைக்கு அளித்த உதவியை அமெரிக்கா நிறுத்தியது. அத்திருத்தத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட முதல் நாடு இலங்கைதான். இலங்கை பணிந்ததா? இல்லை. 1964 தொடக்கத்திலிருந்து எண்ணெய் இறக்குமதியையும் விநியோகத்தையும் முழுவதுமே கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாற்றியது. ஒரு பகுதியை இழந்திருந்த கம்பெனிகள் முழுமையும் இழந்தன. 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயகாவின் ஆட்சி வந்தபின், ஜூன் மாதத்தில் நஷ்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது, உதவியும் மீண்டது. பணம் கிடைத்தது, வாணிகம் திரும்பவில்லை.

இம்மூன்று நாட்டு வரலாற்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. கம்பெனியின் கோபத்தை நாட்டிற்கு எடுத்துச் சொல்லும் தூது எளியது. அதனால் பயனும் குறைவு. நாட்டின் மனத்தைக் கம்பெனிக்கு எடுத்துச் சொல்லும் தூதே அரியது. ரோவும் மக்கீயும் செய்தது அது. கேட்பதற்குக் கசப்பான அறிவுரையைத் தம்மவரிடம் துணிந்து சொல்வதில்தான் தூதுவரின் மெய்யான தொண்டு இருக்கிறது.

இதையெல்லாம் பிறர் செய்த பிழையாக எண்ணி மகிழ்ந்திருக்க நமக்கு இன்று உரிமையில்லை. காலச் சக்கரம் சுழன்று, நாமும் மேசையின் மறு புறத்திற்கு வந்துவிட்டோம். ஒரு காலத்தில் அன்னியக் கம்பெனிகளுக்கு மாற்றாகப் பிறந்த அதே இந்தியன் ஆயில், 2003-ல் லங்கா ஐ.ஓ.சி. என்னும் பெயரில் இலங்கையில் அடியெடுத்து வைத்தது. இலங்கையார் கண்ணுக்கு அது அன்னிய எண்ணெய்க் கம்பெனிதானே? திருகோணமலையில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற 99 எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி, 1987-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே பேச்சு உண்டு. இந்தியா தன் கடற்கரைப் பாதுகாப்பை நினைத்தது. இலங்கையில் பலர் தம் மண்ணின் உரிமையை நினைத்தனர். நம் தூதரகமும் இடையிருந்து பேச வேண்டியதாயிற்று.

நெடுநாள் இழுபறிக்குப் பின், 2022 ஜனவரியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 24 தொட்டிகள் இலங்கைக் கூட்டுத்தாபனத்திற்கு. 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பெனிக்கு. அப்புதிய கம்பெனியில் இலங்கைக்கு 51 பங்கு, நமக்கு 49. மணலியில் நாம் வீட்டுக்காரராக வற்புறுத்திய முறையை, திருகோணமலையில் விருந்தினராக ஏற்றுக்கொண்டோம். அடுத்த மாதமே, எரிபொருளுக்கு வழியின்றித் தவித்த இலங்கைக்கு 50 கோடி டாலர் கடன் வசதியை இந்தியா அளித்தது. 1963-ல் நெருக்கடி நாட்டின் உதவியை நிறுத்திய தூதுக்கும், 2022-ல் உதவியோடு சென்ற தூதுக்கும் உள்ள வேற்றுமையை அந்நாட்டு மக்கள் அறிவர். இனி வரும் நாட்களிலும் அந்த வேற்றுமையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

மங்களூரிலிருந்து ஹாஸன் வழியாக ஒரு குழாயும், சென்னையிலிருந்து மற்றொரு குழாயும், இன்று பெங்களூரை அடுத்த தேவனகொந்திக்கு எண்ணெய் கொண்டுவந்து சேர்க்கின்றன. சீமையெண்ணெய் என்ற பெயர் நின்றாலும், அதைச் சுத்திகரிப்பதும் விற்பதும் நம் நாட்டவர் கையில் இருக்கின்றன. பிற மாநிலத்தில் வந்து குடியேறி, தொழில் செய்து, அம்மண்ணின் உப்பை உண்டு வாழும் நமக்கு இவ்வரலாறு சொல்லும் சேதி ஒன்று உண்டு. நமக்காக உரத்துப் பேசும் நண்பரைக் காட்டிலும், அக்கம்பக்கத்தாரின் மனத்தை அறிந்துவந்து நமக்கு உரைக்கும் நண்பரே வேண்டியவர். அவர் சொல் கசந்தாலும், அன்றே கேட்டுக் கொள்வது நன்று.